பொய்க்கடையில் தேன் வாங்கிய சருகுமான்

ஒரு காட்டில், ஆற்றங்கரை நாவல் மரத்தடியில், ஒரு கம்பெனி நடந்துவந்தது. கம்பெனி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிடாதீர்கள், குழந்தைகளே. அங்கே விற்றது தேன். ஆனால் சுரைக்குடுக்கையைத் திறந்து பார்த்தால் உள்ளே ஆற்றுத் தண்ணீர்தான் இருக்கும். நீங்கள் சொப்புச் சாமான் வைத்துச் சோறு பொங்கி விளையாடுவீர்களே, அந்த மாதிரி.

ஆனால் அதை நடத்திய நாரையிடம் போய் விளையாட்டு என்று சொல்லிவிடக் கூடாது. கொத்திவிடும்.

"இது வியாபாரப் பயிற்சி நிலையம்" என்று நாரை கழுத்தை நீட்டிக்கொண்டு சொல்லும். "இங்கே எல்லாம் விதிப்படி நடக்கும்." நாரைக்கு விதி என்றால் உயிர். குட்டிகளோ அதன் முதுகுக்குப் பின்னால் அந்த இடத்தைப் பொய்க்கடை என்றே அழைத்தன.

பொய்க்கடையில் ஆளுக்கொரு வேலை உண்டு. முதலாளி வேலைக்குத்தான் அடிதடி. கடைசியில் அது எப்போதும் சுருளி என்ற குரங்குக்கே போகும். சுருளிக்கு வாய் அப்படி. வெறும் தண்ணீரைத் தேன் என்று சொல்லி, கேட்பவர் உதட்டை நக்கிக்கொள்ளும்படி பேசும்.

வாடிக்கையாளர் வேலைக்கு மட்டும் யாரும் முன்வர மாட்டார்கள். வாங்குவதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? ஆகவே அந்த வேலை தினமும் தும்பையின் தலையில் வந்து விழுந்தது.

தும்பை ஒரு சருகுமான். முயலை விடக் கொஞ்சம் பெரிதாக, குச்சிக் கால்களோடு இருக்கும். பயந்த சுபாவம். முடியாது என்று சொல்லக்கூடப் பயம்.

ஆனால் அதற்கு வியாபாரம் கற்க வேண்டிய காரணம் இருந்தது. போன கோடையில் வந்த காட்டுத்தீயில் அதன் அம்மாவுக்குப் பின்னங்கால் வெந்துபோயிற்று. அம்மாவால் இனி ஓட முடியாது. காய்ந்த சருகுக்கு நடுவில் அவர்கள் குடியிருப்பு. மறுபடி தீ வந்தால் தும்பை ஓடிவிடும். அம்மா?

மேட்டுப்பாதையில் கரடியின் தேன்கடை இருந்தது. நிஜத் தேன், நிஜக் கடை. அதற்குப் பின்னால் ஒரு பாறைப் பொந்து. கடையில் வேலை பார்ப்பவர் குடும்பத்தோடு அதில் தங்கலாம். பாறைக்குள் தீ வராது. அந்தப் பொந்தை நினைத்துக்கொண்டுதான் தும்பை பொய்க்கடைக்கு வந்தது. வந்தும், நாள் முழுக்கத் தண்ணீரை வாங்கிக்கொண்டிருந்தது.

"இன்று நீ காட்டுப்பன்றி. நாளை யானை" என்று நாரை உத்தரவு போடும். தப்பாகச் செய்துவிடுவோமோ என்று தும்பைக்கு நடுக்கம். அதனால் காலையிலேயே மேட்டுப்பாதைப் புதரில் ஒளிந்துகொண்டு, நிஜப் பன்றியும் நிஜ யானையும் எப்படி நடக்கிறார்கள், எப்படிக் கேட்கிறார்கள் என்று பார்த்துவைக்கும். பன்றி விலை கேட்பதற்கு முன்னால் மூக்கைத்தான் நீட்டும். யானை தனக்கென்று எதையும் கேட்காது, குட்டியைத்தான் முன்னால் தள்ளும். தும்பையும் அப்படியே செய்துகாட்டும். யாரும் கவனித்ததில்லை. வெயில் ஏறுகிறது, சீக்கிரம் வாங்கு என்றுதான் நாரைகூடச் சொல்லும்.

ஒருநாள் காட்டுப்பன்றியாக வந்த தும்பை மெதுவாகச் சொல்லிப் பார்த்தது.

"எனக்குச் சின்னக் குடுக்கை போதும்."

"சின்னதா!" சுருளி துள்ளிக் குதித்தது. "காட்டுப்பன்றி வீட்டுக்குச் சின்னக் குடுக்கையா? நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க? இந்தாங்க, பெரிசு. இதோட இன்னொண்ணும் வச்சுக்கோங்க, அப்புறம் கிடைக்காது!"

"வேணா..." என்று தும்பை இழுத்தது.

நாரை அலகைத் தட்டியது. "வாடிக்கையாளர் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. சொன்னால் பாடம் எப்படி நடக்கும்?"

இரண்டு குடுக்கையும் தும்பையின் தலையில் கட்டப்பட்டன. உள்ளே இருப்பது தண்ணீர்தான் என்று அதற்குத் தெரியும். இருந்தாலும் திரும்பி நடக்கும்போது மனசு கசந்துபோயிற்று. நாளைக்கு இந்தப் பக்கமே வரக் கூடாது என்று தோன்றியது. ஆனால் நாரை வரச் சொல்லியிருக்கிறதே! மறுநாளும் வந்தது.

வெயில் கடுமையாகத் தொடங்கிய சமயம், கரடியே பொய்க்கடைக்கு வந்து நின்றது. முன்கோபக்காரக் கரடி. நல்ல சேதி சொன்னாலும் திட்டுவது போலத்தான் இருக்கும்.

"நான் தேனெடுக்க மலையேறணும். கடையைப் பார்த்துக்க ஆள் வேணும். ரெண்டு பேரை அனுப்புங்க. நான் கிளம்புற வரைக்கும் கூட நின்னு வேலை பழகட்டும். தேறுறவங்க தங்கிக்கலாம்."

"முதல் ஆள் சுருளி. அதில் சந்தேகமே இல்லை" என்றது நாரை.

இரண்டாவது ஆள் யார் என்று நாரை கேட்டபோது, கரடியின் உறுமலுக்குப் பயந்து குட்டிகள் எல்லாம் தரையைப் பார்த்தன. தும்பைக்கும் கால் உதறியது. அம்மாவின் வெந்த காலை நினைத்துக்கொண்டது. உதறும் காலோடேயே ஓரடி முன்னால் வந்தது.

"நீ இங்கே என்ன வேலை பார்த்தே?" என்று கரடி கேட்டது.

"வாங்கினேன்."

மரத்தடியே சிரித்தது. கரடி மட்டும் சிரிக்கவில்லை. அதற்குச் சிரிப்பு வராது. "குடுக்கை கழுவவும் ஒரு ஆள் வேணும்தான். வா" என்று சொல்லிவிட்டு நடந்தது.

நிஜக் கடையில் முதல் நாள் சுருளியின் நாளாக இருந்தது. காட்டுப்பன்றி சும்மா மூக்கை நீட்டிப் பார்க்கத்தான் வந்தது. சுருளி விடுமா? பேசிப் பேசி, பன்றி கொண்டுவந்திருந்த கிழங்கு அத்தனையையும் வாங்கிக்கொண்டு, இருப்பதிலேயே பெரிய குடுக்கையை அதன் தலையில் கட்டி அனுப்பியது. முள்ளம்பன்றிக்கும் அதே கதை. அணிலுக்கு, தன்னை விடப் பெரிய குடுக்கை! அணில் அதை உருட்டிக்கொண்டே வீட்டுக்குப் போயிற்று.

கடைக்குள் கிழங்கும் கொட்டையும் மலையாகக் குவிந்தன. "ஆள்னா இப்படி இருக்கணும்" என்று கரடி உறுமியது. தும்பை மூலையில் குடுக்கை கழுவிக்கொண்டிருந்தது. பன்றி போகும்போது அதன் முகத்தைத் தும்பை பார்த்தது. பொய்க்கடையிலிருந்து குடுக்கையோடு திரும்பும்போதெல்லாம் தனக்கு இருந்த அதே கசந்த முகம். சொல்லலாமா என்று வாயெடுத்தது. கரடியைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டது.

மறுநாள் கூட்டம் பாதியாயிற்று. அதற்கடுத்த நாள் ஓர் எறும்பும் வரவில்லை. மேட்டுப்பாதையில் போனவர்கள் கூட, கடை வந்ததும் ஓரமாக ஒதுங்கி, தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தார்கள்.

"பொய்க்கடையில தினமும் வருவாங்களே!" சுருளிக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னும் நல்லாப் பேசணும் போல."

அது தொண்டை வறளக் கூவியது. கூவக்கூவப் பாதையில் இருந்தவர்கள் இன்னும் வேகமாக நடந்தார்கள்.

கரடி குவித்து வைத்த கிழங்கைப் பார்த்தது, வெறிச்சோடிய வாசலைப் பார்த்தது. பிறகு சொன்னது: "நாளைக்கும் இப்படியே இருந்தா ரெண்டு பேரும் மூட்டையைக் கட்டுங்க. கடையை மூடி வச்சிட்டு மலையேறினாலும் ஏறுவேனே தவிர, வர்ற ஆளை விரட்டுற உங்ககிட்ட விட்டுட்டுப் போக மாட்டேன்."

தும்பை மேட்டிலிருந்து எட்டிப் பார்த்தது. கீழே காட்டில் சருகு மொறமொறவென்று காய்ந்து கிடந்தது.

மறுநாள் காலையில் ஒரு யானை, குட்டியை முன்னால் தள்ளிக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கடைப் பக்கம் வந்தது. சுருளி ஒரே தாவில் வாசலுக்குப் போயிற்று.

"வாங்க, வாங்க! யானை வீட்டுக்கு மூணு குடுக்கை இல்லாம முடியுமா? எடுத்துக் கட்டிடவா?"

"வேண்டாம்ப்பா" என்றது யானை.

சுருளி திகைத்து நின்றுவிட்டது. அப்படி ஒரு பதிலை அது கேட்டதே இல்லை. இதற்கு அடுத்தது என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவும் இல்லை. அது இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் பார்த்தது. பிறகு, பழக்கதோஷத்தில், "நாரை ஐயா! இவங்க வேண்டாம்னு சொல்றாங்க!" என்று கத்தியது.

நாரை அங்கே எங்கிருந்து வரும்? யானை குட்டியைத் திருப்பிக்கொண்டு நடக்கத் தொடங்கியது.

தும்பை கழுவிக்கொண்டிருந்த குடுக்கையைப் போட்டது. யானையின் கால்களுக்கு முன்னால் ஓடிப்போய் நின்றது. அந்தக் கால் கொஞ்சம் தவறி வைத்தால் தும்பை இல்லை. இருந்தாலும் நின்றது.

"அத்தை, தேன் உங்களுக்கா, பாப்பாவுக்கா?"

யானை நின்றது. "பாப்பாவுக்குத்தாம்மா. நாக்குல புண்ணு. கொஞ்சம் தடவிவிட்டா ஆறிடும். உங்க கடையில குடுக்கை குடுக்கையாத்தான் கட்டி விடுவீங்களாமே, பன்றி சொன்னாரு. மூணு குடுக்கையை வச்சு நான் என்ன பண்ண?"

"தடவுறதுக்குக் குடுக்கை எதுக்கு அத்தை?" என்றது தும்பை. "வாங்காதீங்க. ஒரு தொன்னை போதும்."

அது ஓர் இலையை மடித்துத் தொன்னையாக்கி, அதில் தேனை ஊற்றிக் கொடுத்தது. குட்டிக்கு அங்கேயே நாக்கில் தடவியும் விட்டது. குட்டி கண்ணை மூடிக்கொண்டு சப்புக்கொட்டியது. யானை இரண்டு விளாம்பழத்தை வைத்துவிட்டுப் போயிற்று.

கரடி எல்லாவற்றையும் உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"யானை வந்து ஒரு தொன்னை வாங்கிட்டுப் போயிருக்கு" என்று பல்லைக் கடித்தது. "யானை! ஒரு தொன்னை! வாங்காதீங்கன்னு சொல்லித்தான் உங்க பொய்க்கடையில வியாபாரம் பழக்குறாங்களா?"

தும்பை தலையைக் குனிந்துகொண்டது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. பொந்து போயிற்று, அம்மா சருகிலேயேதான் கிடக்கப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டு, போட்ட குடுக்கையை எடுத்து மறுபடி கழுவத் தொடங்கியது.

வெயில் சாய்ந்தது. புதருக்கு அப்பால் ஒரு மூக்கு தெரிந்தது. மூக்குக்குப் பின்னால் காட்டுப்பன்றி.

"குளத்துல யானையம்மா சொன்னாங்க" என்றது பன்றி, சுருளி இருக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்தபடி. "தொன்னை அளவுலயும் கிடைக்குமாமே? நிஜமாவா?"

"நிஜம்தான் மாமா" என்றது தும்பை. "முதல்ல மோந்து பாருங்க. பிடிச்சா வாங்கலாம்."

பன்றி ஆசை தீர மோந்து பார்த்தது. அந்தக் கடையில் அதை யாரும் மோந்து பார்க்க விட்டதில்லை. அதற்குப் பின்னால் முள்ளம்பன்றி வந்தது. தூரத்திலேயே நின்று பார்த்த அணிலும் இறங்கி வந்தது. இருட்டுவதற்குள் தொன்னை மடிக்க இலை போதவில்லை. கரடியே போய்ப் பறித்து வந்தது.

எல்லோரும் போன பிறகு கரடி கேட்டது: "இதையெல்லாம் எங்கே கத்துக்கிட்டே?"

"வாங்கினப்போ" என்றது தும்பை. "சுருளி அண்ணன் என் தலையில ஒவ்வொரு தடவை கட்டும்போதும், இனிமே இங்கே வரவே கூடாதுன்னு தோணும். நாரை ஐயா வரச் சொல்றதால மறுபடி வருவேன். யானை அத்தையை வரச் சொல்ல இங்கே யாரு இருக்கா?"

கரடி வெகுநேரம் உறுமாமல் இருந்தது. அதுவே பெரிய விஷயம். பிறகு, "பொந்துல தூசி இருக்கும். உங்க அம்மா வர்றதுக்கு முன்னாடி கூட்டிடு" என்றது.

சுருளி தன் மூட்டையை எடுத்துக்கொண்டது. அதன் வால் தரையில் இழுபட்டது. "நான் எங்கே தப்பு பண்ணினேன் தும்பை? நல்லாத்தானே பேசினேன்?"

"தப்பு உன்னோடது மட்டும் இல்லண்ணே" என்றது தும்பை. "உன்கிட்ட யாரும் ஒருதடவை கூட வேணாம்னு சொன்னதில்லையே. நானும் சொல்லலை."

அந்தக் கோடையிலும் தீ வந்தது. சருகுக் காடு முழுக்க எரிந்தது. புகை மேட்டுப்பாதை வரை ஏறியது, தீ பாறையடியோடு நின்றுவிட்டது. பொந்துக்குள் தும்பையின் அம்மா காலை நீட்டிப் படுத்திருந்தாள்.

மழை பெய்து நாவல் மரம் தளிர்த்ததும் பொய்க்கடை மறுபடி தொடங்கியது. குட்டிகள் எல்லாம் முதலாளி இடத்துக்கு முட்டி மோதின. சுருளி மட்டும் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தது.

"உன் இடம் அங்கே அல்லவா?" என்றது நாரை.

"தெரியும் ஐயா. இன்னைக்கு நான் வாங்க வந்திருக்கேன்."

முதலாளியான கீரிக்குட்டிக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய குடுக்கை ஒன்றைத் தூக்கி முன்னால் வைத்து, தனக்குத் தெரிந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் பேசி முடித்தது.

"வேணாம்" என்றது சுருளி.

கீரிக்குட்டி திரும்பி நாரையைப் பார்த்தது. நாரையின் அலகு தட்டுவதற்காக மேலே போயிற்று. பாதியில் நின்றது. நாரை ஒற்றைக் காலில் நின்றபடி நெடுநேரம் யோசித்தது.

பிறகு கீரிக்குட்டியிடம் கேட்டது: "அவர் வேண்டாம் என்கிறார். நீ இப்போது என்ன செய்யப்போகிறாய்?"

நீதி: விற்கக் கற்க விரும்புகிறவர், முதலில் வாங்குகிறவரின் இடத்தில் இருந்து பார்க்க வேண்டும்.