ஒரு போர்டு, இரண்டு பெட்டி

போர்டு ஒன்று, பெட்டி இரண்டு, ஆள் மூன்று. கதை இவ்வளவுதான். ஆனால் கடைசியில் ஒரு கேள்வி கேட்பேன். அப்போது திருதிருவென்று முழிக்கக் கூடாது. இப்போதே காதைக் கொடுத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டையில் ஞானசீலி என்று ஒருத்தி. கெட்டுப்போன ஹார்டு டிஸ்க்கைச் சரிசெய்து உள்ளே இருப்பதை மீட்டுக் கொடுப்பது அவள் தொழில். வேலையில் படு கெட்டி. கெட்ட செய்தி சொல்வதென்றால் மட்டும் வாய் திறக்காது.

அவளிடம் கோமதி என்கிற அம்மாள் ஒரு ஹார்டு டிஸ்க் பெட்டியைக் கொண்டுவந்தாள். கோமதியின் மகள் பூரணிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. தாயும் மகளும் கைச்சாடையில்தான் பேசிக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த சாடை பாதி, வீட்டுக்குள் இவர்களாக உண்டாக்கிக்கொண்டது பாதி. பாழாய்ப்போன காய்ச்சல் ஒன்று வந்து பூரணியைக் கொண்டுபோய்விட்டது. அவள் கையாட்டிப் பேசிய வீடியோ எல்லாம் அந்த ஹார்டு டிஸ்க்கில் இருந்தது. ஒருநாள் அதைப் பார்க்கலாமென்று எடுத்த கோமதி, துளை பொருந்துகிறதே என்று லேப்டாப்பின் அடாப்டரை அதில் மாட்டிவிட்டாள். கருகல் வாடை வந்தது, அதோடு சரி. போட்டோ இருக்கிறதே என்று உறவுக்காரர்கள் சமாதானம் சொன்னார்களாம். போட்டோவை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அதில் கை அசையாதே.

"என்னை அவ எப்படிக் கூப்பிடுவான்னே மறந்துக்கிட்டு வருதும்மா," என்றாள் கோமதி. "கன்னத்தைத் தொட்டுட்டு நெஞ்சுக்கு வருவாளா, நெஞ்சைத் தொட்டுட்டு கன்னத்துக்குப் போவாளா, தெரியல."

ஞானசீலி கழற்றிப் பார்த்தாள். உள்ளே சுழலும் தட்டுக்குப் பழுதில்லை. வெளியே இருக்கிற சர்க்யூட் போர்டுதான் எரிந்திருந்தது. அதே மாடலில் நல்ல போர்டு ஒன்று கிடைத்தால் போதும். எரிந்ததிலிருந்து அந்த டிஸ்க்குக்கே உரிய சின்ன சிப்பைப் பெயர்த்து, நல்லதில் பற்றவைத்துவிட்டால் பூரணி மறுபடி பேசுவாள். ஆனால் அது பழைய மாடல். சென்னை, மும்பை வரைக்கும் விசாரித்தும் அகப்படவில்லை.

இத்தனைக்கும் கடை அலமாரியிலேயே ஒன்று இருந்தது. அது உச்சிமாகாளியின் பெட்டி.

உச்சிமாகாளி கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிறவர். அவர் மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் அங்கேயே செத்துப்போனவள். அங்கிருந்து அவள் பேசி அனுப்பியதையெல்லாம் இவர் அந்த டிஸ்க்கில் சேர்த்து வைத்திருந்தார். ஓடிக்கொண்டிருந்தபோது அது கைதவறி விழுந்துவிட்டது. அடிப்பிடித்த அண்டாவைக் கரண்டியால் சுரண்டுகிற மாதிரிச் சத்தம் கேட்டது என்று முதல்நாளே சொன்னார். ஞானசீலி திறந்து பார்த்தால், தட்டு முழுக்கக் கீறிக் கிடந்தது. குரலாவது ஒன்றாவது! போர்டுக்கு மட்டும்தான் ஒன்றும் ஆகவில்லை. இதை அவரிடம் எப்படிச் சொல்வாள்? "பார்க்கலாம் அண்ணாச்சி," என்று சொல்லிவைத்தாள்.

அன்றிலிருந்து அவர் சனிக்கிழமை தவறாமல் வருவார். கிடைக்குமா, எப்போது கிடைக்கும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, அவள் குவைத்திலிருந்து இன்னது சொன்னாள், இன்னதற்குச் சிரித்தாள் என்று பேசிக்கொண்டிருப்பார். ஞானசீலி வாங்கிக் கொடுக்கிற டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்.

அவருக்குச் சொல்லாமலே போர்டை எடுத்துக்கொண்டால் தெரியப்போவதில்லை. ஆனால் ஞானசீலிக்கு மனசு வரவில்லை. எல்லாவற்றையும் கோமதியிடம் சொன்னாள். கோமதி வேண்டாமென்று தலையாட்டினாள்.

"போர்டைக் கேட்கணும்னா அவர்கிட்ட உண்மையைச் சொல்லணும். அந்த மனுசன் எதை நம்பி இங்க வாராருன்னு எனக்குத் தெரியும். அதைப் பிடுங்கி நான் எம்மகளைப் பார்க்க வேண்டாம்."

கருகிய பெட்டியை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பெற்றவள் அப்படிப் போவதைப் பார்த்தால் யாருக்குத்தான் தாங்கும்?

அந்தச் சனிக்கிழமை ஞானசீலி உச்சிமாகாளியிடம் உடைத்துச் சொல்லிவிட்டாள். இத்தனை நாள் மறைத்ததையும் சொன்னாள், கோமதி சொல்லிவிட்டுப் போனதையும் சொன்னாள். ஏன் மறைத்தாய் என்று அவர் கேட்கவில்லை. முகம்கூட மாறவில்லை. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பிள்ளை கையாலேயே பேசுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

"எடுத்துக்கோ தங்கச்சி. பெட்டியும் இனி எனக்கு வேண்டாம்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து போனார். ஞானசீலி உட்கார்ந்து அழுதாள்.

அவர் கொடுத்துவிட்டதைச் சொல்லி, கோமதியைப் பெட்டியோடு வரச் சொன்னாள். சிப் மாறியது, டிஸ்க் சுழன்றது. திரையில் பூரணி கன்னத்தைத் தொட்டுவிட்டு நெஞ்சுக்கு வந்தாள். கோமதியின் கையும் கூடவே எழுந்து அதையே செய்தது.

இப்போது என் கேள்வி. ஒருவருடைய நம்பிக்கை உடையக் கூடாதென்று மகளையே விட்டுக்கொடுக்கத் துணிந்தவள் கோமதி. பழி வந்தால் வரட்டுமென்று உண்மையைச் சொன்னவள் ஞானசீலி. மனைவியின் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தவர் உச்சிமாகாளி. இந்த மூன்று பேரில் பெரிதாகக் கொடுத்தவர் யார்?

விடை: உச்சிமாகாளிதான். செத்த பெட்டியைக் கொடுப்பது ஒரு கொடையா என்று கேட்பீர்கள். அது செத்தது என்று அவருக்கு முதல்நாளே தெரியும். அண்டா சுரண்டுகிற சத்தம் கேட்டால் அதில் பரிமாற ஒன்றும் மிச்சமில்லை என்பது சமையல்காரருக்குத் தெரியாதா? அதனால்தான் கிடைக்குமா என்று ஒருநாளும் அவர் கேட்கவில்லை. கோமதி காப்பாற்றப் பார்த்த நம்பிக்கை அவரிடம் என்றைக்குமே இருந்ததில்லை. போனவளைப் பற்றிப் பேச இந்த ஊரில் அவருக்கு அந்த ஸ்டூலை விட்டால் வேறு இடமில்லை. அங்கே வந்து உட்கார அந்தப் பெட்டிதான் சாக்கு. அதைத்தான் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த சனிக்கிழமை ஞானசீலி வழக்கம்போல இரண்டு டீ சொன்னாள். அவர் வரவில்லை.