குலுக்கிய டப்பா

"அந்த ஆள் வாயைத் திறக்கவே மாட்டேங்கிறார், மேடம். தப்புப் பண்ணலைன்னா பண்ணலைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

பெயின்ட் கம்பெனியின் ஆய்வகத்துக்குள் நுழையும்போதே கலியமூர்த்தி கேட்டார். ஸ்டோரிலிருந்து தரப் பரிசோதனைக்கு அவரை மாற்றி இரண்டு மாதம் ஆகிறது. தன்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவரான ஜெரினாவிடம்தான் தொழில் பழகிக்கொண்டிருந்தார்.

"யாரு?"

"கலவைத் தொட்டி பொன்னுரங்கம். தின்னரை அள்ளி ஊத்தியிருக்கார். பெயின்ட் தண்ணியா ஓடுது."

ஒரு தாளை நீட்டினார். பொன்னுரங்கத்தை வேலையை விட்டு நிறுத்தச் சொல்லும் கடிதம். நாலு மணிக்குள் மேனேஜரிடம் போக வேண்டும். புகார் சொன்னவராகக் கலியமூர்த்தியின் கையெழுத்து மட்டும் பாக்கி.

ஜெரினா தாளை வாங்கவில்லை. மேஜை மேலிருந்த விஸ்காசிட்டி கருவியைப் பார்த்தார். வட்டத் தகடு வைத்த கம்பி ஒன்று பெயின்ட்டுக்குள் சுழலும்; பெயின்ட் அதை எவ்வளவு இழுத்துப் பிடிக்கிறதோ அவ்வளவு எண் காட்டும்.

"எவ்வளவு காட்டுச்சு?"

"ஆயிரத்து நானூறு. இரண்டாயிரத்துக்குக் குறையக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"சாம்பிளை என்ன பண்ணீங்க?"

"நல்லா குலுக்கினேன், கை வலிக்கிற வரைக்கும். குலுக்கின சூட்டோட வெச்சுப் பார்த்தேன்." கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவிட்டு, கையிலிருந்த சாம்பிள் டப்பாவை மறுபடி குலுக்கிக் காட்டினார்.

ஜெரினா அதை வாங்கி ஓரமாக வைத்தார். கம்பியைக் கழற்றித் துடைத்தார். பிறகு டிஃபன் பாக்ஸைத் திறந்தார்.

"மேடம், மணி ரெண்டாகுது."

"சாப்பிடுங்க சார். குலுக்கின பெயின்ட்டுக்கு இப்ப மூச்சு வாங்குது. வாங்கி முடிக்கட்டும்."

ஒரு மணி நேரம் போனது.

தூங்குகிறவரின் போர்வையைச் சரிசெய்கிற மாதிரி, ஜெரினா கம்பியை மெல்ல இறக்கினார். பொத்தானை அழுத்தினார்.

எண் ஏறியது. கொஞ்சம் இறங்கியது. இரண்டாயிரத்து நூற்றிருபதில் நின்றது.

கலியமூர்த்தி தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்தார்.

"அப்போ அவர் தின்னர் ஊத்தலை."

"இல்ல. குலுக்கினா இளகும், சும்மா விட்டா இறுகும்."

"சரி மேடம், நான் பார்த்தது தப்பு. ஆனா அவராவது சொல்லியிருக்கலாமே? கல்லு மாதிரி நின்னார். கையெல்லாம் நடுங்குச்சு. அதைப் பார்த்துத்தான் நான்..."

"எப்போ கேட்டீங்க?"

"மத்தியானம், சாப்பாட்டு மணி அடிக்கிறப்ப. எட்டுப் பேர் நின்னாங்க. வாங்கு வாங்குன்னு வாங்கிட்டு, அந்தச் சூட்டோட..."

நிறுத்திக்கொண்டார்.

ஜெரினா கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

கலவைக் கூடத்தில் அந்த எட்டுப் பேரும் இருந்தார்கள். கலியமூர்த்தியைக் கண்டதும் பேச்சு நின்றது. பொன்னுரங்கம் அவசரமாக எழுந்தார். கையிலிருந்த டீ கிளாஸ் தளும்பியது.

"தப்பு என்னோடது" என்றார் கலியமூர்த்தி, எட்டுப் பேருக்கும் கேட்கிற மாதிரி. "பெயின்ட் சரியாத்தான் இருக்கு."

பொன்னுரங்கத்தின் கையில் டீ இன்னும் தளும்பிக்கொண்டிருந்தது.

கலியமூர்த்தி ஒன்றும் கேட்கவில்லை. அது அடங்கட்டும் என்று, கவிழ்ந்து கிடந்த டிரம்மின் மேல் உட்கார்ந்தார்.