மேகத்துக்கு நான்கெல்லை

"மேகத்துக்கு நான்கெல்லை கேட்டா நான் எங்க போறது, மேடம்?"

கேட்டவர் ஞானதுரை. ரிச்சி தெருவில் பழைய மானிட்டரைக் கூவி விற்று மேலே வந்தவர். கோபம் மூக்கு நுனியில் இருக்கும்.

ஒரு மாவட்டத்தின் நிலப் பத்திரங்களை எல்லாம் கிளவுடில் ஏற்றித் தரும் வேலை அவருக்குக் கிடைப்பதாக இருந்தது. கோப்பில் அதைத் தமிழாக்கி 'மேகம்' என்று போட்டிருந்தார்கள். அவருக்கு முதல் சர்க்கார் வேலை. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பாதுகாப்புக் கோப்பில் கையெழுத்து விழாவிட்டால் அது எதிர்க் கம்பெனிக்குப் போய்விடும்.

இன்று புதன்.

அந்தக் கையெழுத்தைப் போட வேண்டியவர் எதிரே இருந்த வகிதா பேகம், பதிவு அலுவலகக் கண்காணிப்பாளர். ஞானதுரையைவிடப் பத்து வயது சின்னவர். கம்ப்யூட்டர் தெரியாது என்று அவரே சொல்வார். இருபது வருஷமாகப் பத்திரம் படிக்கிறார். காண்ட்ராக்டர்கள் அவருக்கு 'குருஜி' என்று பெயர் வைத்திருந்தார்கள். மரியாதையாக அல்ல.

"நூத்திப் பன்னிரண்டு பக்கம் கொடுத்திருக்கேன், மேடம். சர்டிபிகேட் மட்டுமே பதினேழு."

"பார்த்தேன். நல்ல கனம்."

"அப்புறம் என்ன குறை?"

வகிதா கிரயப் பத்திரப் படிவம் ஒன்றை உருவி அவர் முன் வைத்தார். சொத்து விவரம் என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"எங்களுக்குத் தெரிஞ்சது இதுதான் சார். வடக்கே என்ன, தெற்கே என்ன, கிழக்கே, மேற்கே. எழுதிக்கிட்டு வாங்க."

"இது மேகம், மேடம்."

"பேரு எதுவா இருந்தா என்ன? பத்திரத்தை ஏதாவது ஒரு இடத்துலதானே வைக்கணும்?"

ஞானதுரை அங்கேயே பேனாவைத் திறந்தார். வடக்கே வானம், தெற்கே வானம், கிழக்கே வானம், மேற்கே வானம். எழுதி, படிவத்தை நீட்டினார்.

வகிதா நிதானமாகப் படித்தார்.

"புறம்போக்குன்னு சொல்றீங்க."

பக்கத்து மேசையில் யாரோ இருமுவதுபோலச் சிரித்தார்கள். ஞானதுரை படிவத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

*

வியாழக்கிழமை காலை வந்தபோது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"விசாரிச்சேன். மும்பை பக்கத்துல ஒரு கட்டடம். நாலாவது மாடி. நாம வாடகைக்கு எடுக்கிற மெஷின் அங்கேதான் இருக்கு."

"மேகம் தரைக்கு வந்துடுச்சு. நல்லது. வடக்கே யாரு?"

ஞானதுரை துண்டுச்சீட்டைப் பார்த்தார். "அதே மெஷின்ல ஒரு ரம்மி கம்பெனியும் இருக்கு."

"சீட்டாடுறவங்க."

"ஆன்லைன்ல ஆடுறவங்க, மேடம்."

"தெற்கே?"

"ஜாதகம் பார்க்கிற ஆப்."

"நடுவுல சுவர் இருக்கா?"

"கெட்டியா இருக்காம்."

"யாரு சொன்னா?"

"கட்டடக்காரன்தான்."

"நீங்களும் யாவாரம் பண்ணினவரு. கீறல் விழுந்த மானிட்டரைக் கீறல்னு சொல்லி வித்திருக்கீங்களா?"

முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட இல்லை. ஞானதுரை மின்விசிறியைப் பார்த்தார்.

"சரி, நகல் எங்கே?"

"என்ன நகல்?"

"மூலம் அழிஞ்சா எடுக்கிறதுக்கு ஒரு நகல் வைப்பீங்கல்ல?"

அவர் அங்கேயே தன் இன்ஜினியருக்குப் போனைப் போட்டார். பதிலைக் கேட்டதும் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"சிங்கப்பூர்."

"நம்ம ஊரு வயக்காட்டோட பத்திரம்."

"அதுவாவே அங்க போய் உட்கார்ந்துக்குமாம். நாம வேண்டாம்னு சொன்னாத்தான் போகாதாம்."

"சொன்னீங்களா?"

"சொல்லணும்னே தெரியாதே."

வகிதா இன்னொரு வெற்றுப் படிவத்தை எடுத்து நீட்டினார். போன தடவைபோல ஞானதுரை அதைப் பிடுங்கவில்லை.

அன்று பகல் முழுக்க அலுவலக வாசலில் நின்று போனில் மும்பைக் கட்டடக்காரனோடு சண்டை போட்டார். தனி மெஷின் கேட்டார். நகலை ஹைதராபாத்துக்கு மாற்றச் சொன்னார். சுவரை வேறொரு ஆள் வந்து தட்டிப் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். நான்கெல்லைக்கு இந்தியில் என்ன சொல் என்று அவருக்கும் தெரியவில்லை, மும்பைக்காரனுக்கும் தெரியவில்லை. சண்டை அதனால் ஒன்றும் குறையவில்லை.

*

வெள்ளிக்கிழமை நாலரை மணி. படிவம் நிரம்பியிருந்தது.

வகிதா இரண்டு தடவை படித்தார்.

"எல்லை நாலும் சரி. நகலும் சரி. பாதை எழுதலையே?"

"பாதையா?"

"எந்த நிலமா இருந்தாலும் உள்ளே போக ஒரு வழி இருக்கும். அதுல யாரு யாரு நடக்கலாம்னு எழுதணும். எழுதாம விட்டா நாளைக்குக் கேசு."

"உங்க ஆபீஸ் ஆளுங்க."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"ரிப்பேருன்னா?"

ஞானதுரை கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்க இன்ஜினியருங்க மூணு பேரு. ஒரு பாஸ்வேர்டு வச்சிருப்பாங்க. அவசரத்துக்கு."

"மூணு பேருக்கும் ஒண்ணேவா?"

"ஒண்ணுதான். எனக்கும் தெரியும்."

"அதுல ஒருத்தர் வேலையை விட்டுப் போயிட்டா?"

"போன மாசம்கூட ஒருத்தன் போனான். எதிர்க் கம்பெனியில..."

பாதியில் நிறுத்தினார். கடிகாரம் நாலு நாற்பத்தெட்டு.

"சரி, பாஸ்வேர்டை மாத்திடுறேன். ஆனா எங்களுக்குன்னு ஒரு வழி வேணும், மேடம். மெஷின் படுத்துக்கிட்டா யாரு பார்க்கிறது?"

"கதவைத் தட்டுங்க. திறந்துவிடுவோம். வேலை முடியிறவரைக்கும் பக்கத்துலயே நிப்போம். முடிஞ்சதும் நீங்க வெளியே, கதவு மூடிக்கும்."

"என்மேல நம்பிக்கை இல்லையா உங்களுக்கு?"

"நான் உங்களைப் பத்தியே கேட்கலை சார். பாதையைக் கேட்கிறேன்."

ஞானதுரை எழுந்தார். நாற்காலியைத் தள்ளினார். வாசல்வரை போனார். திரும்பி வந்து உட்கார்ந்து, போனில் இன்ஜினியரைக் கூப்பிட்டு, அந்தப் பாஸ்வேர்டை அடியோடு ஒழிக்கச் சொன்னார்.

பிறகு படிவத்தின் கடைசி வரியில், பதிவு அலுவலகம் திறந்துவிட்டாலன்றி வேறு எவருக்கும் இதில் பாதை கிடையாது என்று எழுதினார். எழுதியதைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

"மேடம், இப்போ எனக்கே உள்ளே போக வழியில்லையே."

வகிதா கையெழுத்துப் போட்டார்.