ஒரு வருட இடைவெளிக்கு மூன்று காரணங்கள்

“எனக்காகப் பொய் சொல்லுன்னு உன்னை நான் கேட்டேனா?”

தணிகாசலம் இதையே மூன்றாவது முறையாகக் கேட்டார். முதல் இரண்டு முறையும் மகள் தாரிணி கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது முறைக்கு அவர் மனைவி மங்கையர்க்கரசி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். சாம்பாரைப் பாதிக் கவனத்தில் வைத்துவிடுவாள். சண்டைக்கு அவளுக்கு முழுக் கவனம் வேண்டும்.

சங்கதி இதுதான். கட்டடக்கலை படிக்க ஒரு கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தாள் தாரிணி. பிளஸ் டூ முடித்து ஒரு வருடம் சும்மா இருந்தவள் என்பதால், ‘இடைவெளிக்குக் காரணம்’ என்று அதில் ஒரு கட்டம். ‘உடல்நலக் குறைவு’ என்று நிரப்பியிருந்தாள். அந்த வெள்ளிக்கிழமை காலை கல்லூரியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. மருத்துவச் சான்றிதழ் இணைக்க வேண்டும். திருத்தம் இருந்தால் இன்று மாலைக்குள் செய்ய வேண்டும். தகவல் பொய்யென்று தெரிந்தால் இடம் ரத்து. நேர்காணலுக்குப் பெற்றோரில் ஒருவர் கூட வர வேண்டும்.

“உடம்புக்கு என்னடி உனக்கு? போன வருஷம் பூரா ஒரு தும்மல் தும்மினியா?” என்றாள் மங்கை.

“நம்ம டாக்டர்கிட்ட அப்பா கேட்டா ஒரு டைபாய்டு எழுதித் தருவார்மா.”

“தருவார், தருவார். கொசுறா ஒரு மலேரியாவும் போடச் சொல்லு.”

உண்மையில் நடந்தது வேறு. தணிகாசலம் வேலூர்க் கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்ப்பவர், தன் கண்ணைவிடக் காலண்டரைத்தான் நம்புவார். ராகுகாலத்தில் கடை ஷட்டரைக்கூடத் தூக்க மாட்டார். போன வருடம் கலந்தாய்வில் விருப்பப் பட்டியலை உறுதி செய்யக் கடைசி நாள் ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து மணி. மூன்று மணிக்கே எல்லாம் தயார். தாரிணியின் விரல் மவுஸின் மேல் இருந்தது.

“மூணுலேருந்து நாலரை ராகுகாலம்மா. நாலரைக்கு அழுத்திக்கலாம்” என்றார் அப்பா.

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கான்வென்டில் படித்தவள். ராகுவையும் கேதுவையும் இங்கிலீஷிலேயே கிழித்துத் தொங்கவிடுகிறவள். அவள் ஒரு டம்ளர் காபியைக் கொண்டுவந்து மவுஸுக்குப் பக்கத்தில் வைத்தாள். “ஆறிடப் போகுது, குடி” என்றாள். தாரிணி மவுஸை விட்டுவிட்டு டம்ளரை எடுத்தாள்.

நாலரைக்கு அழுத்தினாள். மாநிலத்து அப்பாக்கள் அத்தனை பேரும் நாலரைக்குத்தான் காத்திருந்தார்களோ என்னவோ, திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. ஐந்து மணி வரை சுற்றிவிட்டு, ‘கால அவகாசம் முடிந்தது’ என்று சொல்லி நின்றது. அடுத்த சுற்றில் மிச்சமிருந்ததெல்லாம் அவளுக்கு வேண்டாத படிப்பு.

அந்த வருடம் பூராவும் தாரிணி அப்பாவின் கடையில் உட்கார்ந்து, வந்தவர்களுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டாள். மாட்டிக்கொண்டவர்கள் அவளை நன்றாகப் பார்த்துவிட்டு, “ஏம்மா, காலேஜ் போகலையா?” என்பார்கள். “உடம்பு சரியில்லைங்க” என்பாள். கல்லாவில் இருக்கும் தணிகாசலம், துடைத்த கண்ணாடியையே எடுத்து மறுபடி துடைப்பார். பொய் அங்கே நடை பழகித்தான் விண்ணப்பம் வரை வந்தது.

“‘இணையக் கோளாறு’ன்னு போடும்மா. அதுல பொய் இல்லையே” என்றார் இப்போது.

“ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை” என்றாள் மங்கை. “நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கணும். இங்கே பாருடி, ‘என் தந்தை ராகுகாலம் முடியட்டும் என்றார், அதனால் இடம் போயிற்று’ன்னு எழுது. உள்ளது உள்ளபடி. நமக்கு எதுக்கு மூடி மறைக்கிற பொழப்பு?”

“நேர்காணலுக்கு எங்கூட அப்பாதான் வரப்போறார். அத்தனை பேர் நடுவுல அதைப் படிச்சிட்டு அவரைப் பார்த்துச் சிரிச்சா? அதுக்கு அந்த சீட்டே எனக்கு வேண்டாம்மா.”

தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார்.

இனி நீங்கள்தான் சொல்ல வேண்டும். அப்பாவின் மானத்தைக் காப்பாற்ற மகள் எழுதியதா, எழுத்துக்கு எழுத்து நிஜமாக அப்பா சொன்னதா, உள்ளது உள்ளபடி என்று அம்மா சொன்னதா? அவசரப்படாமல் அந்தச் செவ்வாய்க்கிழமையை இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். மூவரில் யார் சொன்ன காரணம் சரி?

விடை: மூன்றும் இல்லை. மகளுடையது பொய், பாசத்தில் விளைந்தாலும் பொய் பொய்தான். அப்பாவுடையதில் சொல்லெல்லாம் நிஜம், மொத்தத்தில் பொய். அம்மாவின் உண்மையிலோ, மவுஸிலிருந்து மகளின் கையை எடுக்கவைத்த ஒரு டம்ளர் காபி குறைகிறது. தாரிணிக்கு அது கொஞ்சம் யோசித்த பிறகுதான் பிடிபட்டது. பழையதை அழித்துவிட்டு இப்படி எழுதினாள்: ‘நல்ல நேரம் வரட்டும் என்று வீட்டில் மூன்று பேரும் காத்திருந்தோம், அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அந்த வருடம் அப்பாவின் கடையில் வேலை பார்த்தேன்.’ தணிகாசலம் அதை இரண்டு முறை படித்தார். சுவரில் மணி பதினொன்று, வெள்ளிக்கிழமை ராகுகாலம் பாதிகூட முடியவில்லை. “அழுத்தும்மா” என்றார். அழுத்தினாள், அந்தச் சின்ன வட்டம் சுற்றக்கூட இல்லை, ஏற்றுக்கொண்டது. அவர் எழுந்து போய் காபிக்குப் பாலை அடுப்பில் வைத்தார். மங்கையர்க்கரசி மட்டும் திரையைவிட்டு நகரவில்லை. குரலை இறக்கிக் கேட்டாள்: “சாயங்காலம் வரைக்கும் திருத்தலாமில்ல? அந்த மூணு பேர்ல என்னை மட்டும் எடுத்துடேன்டி.”