வீட்டுக்கு ஒரு ஆள்

கண்மாய் மண்மேவிக் கிடந்தது. ஊர்க்கூட்டத்தில் நாற்பது ஏக்கர்க்காரர் வெள்ளைச்சாமி எழுந்தார்.

"கண்மாய் எல்லாருக்கும் பொது. வீட்டுக்கு ஒரு ஆள் வந்து மண் சுமக்கணும். வராத வீட்டு மாடு இதுல தண்ணி குடிக்கக்கூடாது."

ஊரே தலையாட்டியது. ஒச்சம்மாவுக்குக் காணி நிலம் கிடையாது. புருஷன் படுத்த படுக்கை. ஒற்றைக் கறவை மாடுதான் சோறு போட்டது. அவள் எழுந்தாள்.

"நல்லதுங்கய்யா, வாரேன். அப்ப மடை திறந்தா தண்ணியும் வீட்டுக்கு ஒரு நாள்தானே? உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு?"

"நிலமே இல்லாதவளுக்குத் தண்ணி எதுக்குடி?"

"அப்ப மண்ணு மட்டும் எதுக்குங்கய்யா?"

வெள்ளைச்சாமிக்கு முகம் செத்துவிட்டது. பரிந்து பேச ஆள் தேடினார். தலையாட்டிய ஒருவனும் நிமிரவில்லை.

"ஏக்கருக்கு ஒரு ஆள்," என்று முனகினார். அது அவர் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை.