மூன்றாவது சென்சார்

"இன்னும் எத்தனை சென்சார்தாம்மா மாத்தணும்?" என்று கேட்டார் தங்கப்பழம்.

மெக்கானிக் ஷெட்டின் ஓரத்தில் ஸ்டெல்லா டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

இருபத்தைந்து வருசம் கார்புரேட்டரைக் கழுவி மாட்டியவர் தங்கப்பழம். சென்சார் வேலை படிக்க இவளிடம் வந்து ஆறு மாசம்தான் ஆகிறது. அவரைவிட இவள் பதினெட்டு வயசு இளையவள்.

"ஆக்சிலேட்டர் எம்புட்டு மிதிச்சிருக்குன்னு இன்ஜினுக்குச் சொல்ற சென்சார். மொதல்ல உள்ளது நெசமாவே போச்சு, மாத்துனேன். அதே கோளாறு திரும்ப வந்துச்சு, மாத்துனேன். இப்பவும் வந்து நிக்கி," என்றார் அவர்.

வாசலில் காரின் சொந்தக்காரர் ஜெபமணி மணி பார்த்தார். பன்னிரண்டரை. ரெண்டு மணிக்கு அவர் மனைவி ரூத்துக்கு டயாலிசிஸ். போகிற வழியில் பெரிய பாலம். நேற்று அதில் ஏறும்போதுதான் வண்டி குப்பென்று அடங்கியது. பின்னால் ஒரு லாரி.

"மூணாவதையும் மாட்டிருதேன்," என்றார் தங்கப்பழம்.

ஸ்டெல்லா டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். கரண்ட் அளக்கிற முள் மீட்டரை எடுத்து வந்து சென்சாரின் ஒயரில் குத்தினாள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க அண்ணாச்சி. முள்ளப் பாருங்க."

உட்கார்ந்தார். அவள் வண்டிக்குள் ஏறி, ஆக்சிலேட்டரை மெல்ல, மெல்ல மிதித்தாள். முள் தூங்குகிற பிள்ளை புரளுவதுபோல அலுங்காமல் மேலே போனது. அலுங்காமல் கீழே வந்தது.

தங்கப்பழம் எழுந்துவிட்டார்.

"நல்லாத்தான இருக்கு!"

"உக்காருங்க."

"நேத்தும் நல்லாத்தான் இருந்துச்சு. இங்க நல்லா இருக்கு, ரோட்டுல போனா பேய் பிடிச்சிருது."

"அப்பம் ஒரு மந்திரிக்கிற ஆளக் கூப்பிடுவமா?" என்றார் ஜெபமணி வாசலிலிருந்து.

"நீரு சும்மா இரியும்!"

தங்கப்பழத்துக்கு ஸ்டூலே முள்ளாகக் குத்தியது. உட்காருவார், எழுவார், ஸ்பேனரை எடுப்பார், வைப்பார். புது சென்சார் டப்பாவைப் பிரித்தே விட்டார்.

ஸ்டெல்லா இறங்கி வந்து சக்கரத்துக்கு முன்னால் ரெண்டு கல்லைப் போட்டாள்.

"பாலத்துல இவுக வண்டிய நிறுத்தி வச்சா ஓட்டுதாக?" என்று மட்டும் கேட்டாள்.

மறுபடி ஏறினாள். இன்ஜினை ஓடவிட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். முதல் கியர். ஆக்சிலேட்டரை மிதித்தபடியே கிளட்சைப் பாதி விட்டாள்.

வண்டி முக்கியது. நகர முடியாத இன்ஜின், இருந்த இடத்திலேயே ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

முள் பொத்தென்று விழுந்தது.

கிளட்சை மிதித்தாள். இன்ஜின் நிமிர்ந்தது. முள்ளும் எழுந்தது.

தங்கப்பழம் குனிந்தார்.

இன்ஜின் மேலிருக்கும் சென்சாருக்குப் போகிற ஒயரைக் கறுப்புப் பிளாஸ்டிக் டை ஒன்று வண்டியின் பாடியோடு சேர்த்துக் கட்டியிருந்தது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு நெற்றித்தோல் இழுபடச் சடை பின்னினாற்போல, அவ்வளவு இறுக்கம். டையின் வால்கூடச் சீராக வெட்டப்பட்டிருந்தது.

அப்படி வெட்டுகிற ஆள் அந்த ஷெட்டில் ஒருத்தர்தான். ஒயர் தொங்கினால் ஊரையே ஏசுகிற ஆள்.

"யாரு இப்பிடிக் கட்டுனது?" என்று எட்டிப் பார்த்தார் ஜெபமணி.

ஸ்டெல்லா கட்டிங் பிளேயரைத் தங்கப்பழத்திடம் நீட்டினாள்.

"நாந்தான் வே," என்றார் தங்கப்பழம். "மொத சென்சார் மாத்துன அன்னைக்கு."

டையை நறுக்கினார். ஒயர் தளர்ந்து விழுந்தது. தோலைச் சீவிப் பார்த்தால் உள்ளே செம்பு அறுந்து கிடந்தது. வெளித்தோல்தான் இத்தனை நாளும் பிடித்துக்கொண்டிருந்தது.

கொஞ்சம் ஒயர் சேர்த்துப் பற்றவைத்தார். புது டையைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றார்.

"எம்புட்டு விட்டுக் கட்டணும்மா?"

ஸ்டெல்லா வண்டியில் ஏறினாள். முதல் கியர். பாதி கிளட்ச். இன்ஜின் சாய்ந்தது.

"இன்னொருக்கா," என்றார்.

சாய்ந்தது.

"இன்னொருக்கா."

இந்தத் தடவை ஸ்டூலை அவரே இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"அண்ணாச்சி, மணி ஒண்ணு!" என்று கத்தினார் ஜெபமணி. "உறுதியா சரியாயிருச்சா, சொல்லும்!"

சென்சாரை மாற்றிவிட்டு ரெண்டு தடவை 'உறுதி' என்று சொன்ன வாய் தங்கப்பழத்துடையது.

இப்போது டையைத் தளர்வாகப் பூட்டினார். ஸ்டெல்லா இறங்கிக்கொண்டதும் பானெட்டை மூடினார். கல்லை எடுத்துப் போட்டுவிட்டு, முன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

"மொதல்ல நாம ரெண்டு பேரும் பாலத்துக்குப் போவம் வே. அதுக்கப்புறம் ரூத் தங்கச்சிய ஏத்துவம்."