லட்டுப் படத்துக்கு மார்க்

சிவகாசியில் ஓர் அச்சகம். அதில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மூவருக்கும் சேர்த்து மூளை மட்டும் இனிமேல்தான் வரவேண்டியிருந்தது. ஃபோர்மேன் சண்முகக்கனி, அவருக்குக் கீழே இருளப்பன், பொன்னுச்சாமி. மிட்டாய்க்கடைக் காலண்டருக்கு லட்டுப் படம் சரியாக வராவிட்டால் ஃபோர்மேன் நாற்காலி தன் மச்சானுக்கு என்று முதலாளி சொல்லிவிட்டார். கனிக்கு அந்த நாற்காலி என்றால் உயிர். அதில் குஷன் வேறு இருந்தது.

முதலாளி வெளியூர்க் கல்யாணத்துக்குக் கிளம்புமுன் தெளிவாகத்தான் சொன்னார். லட்டுப் படம் இரண்டு மாதிரி அச்சடித்திருக்கிறது, ஜனங்களிடம் காட்டி மார்க் வாங்கு. எல்லோருக்கும் ஒரே வெளிச்சத்தில் காட்டு. ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழக்கூடாது. படத்துக்குப் படம் கண்ணுக்கு ஓய்வாக ஒரு வெள்ளைத்தாளைக் காட்டு. எதற்கு மார்க் அதிகமோ அதை அடித்துவிடு.

ஒரே வெளிச்சம் வேண்டுமே. அச்சகத்து டியூப் லைட்டைக் கழற்றி, இருளப்பன் தோளில் ஏற்றி, உச்சி வெயிலில் தெருத்தெருவாகப் போனார்கள். அது எரியவில்லையே என்று யாரோ கேட்டதற்கு, எரியணும் என்று முதலாளி சொல்லவில்லை என்றான் பொன்னுச்சாமி.

பிறகு எல்லோர் காதிலும் பஞ்சை அடைத்துவிட்டுக் கேள்வி கேட்டார்கள். பள்ளிக்கூட டீச்சர், சாப்பிடக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, வீட்டில் சமைத்தாயிற்று என்றார். அதற்கு எத்தனை மார்க் என்று மூவரும் நெடுநேரம் யோசித்தார்கள்.

பஞ்சைத் தானே பிடுங்கி எறிந்த டீக்கடைக்காரர்தான் உருப்படியாகப் பார்த்தார். முதல் லட்டு தீய்ந்த மாதிரி இருக்கிறது, மூன்று மார்க். இரண்டாவதில் முந்திரி பல் மாதிரி தெரிகிறது, இரண்டு. வெள்ளைத்தாளுக்கும் மார்க் கேட்டு நின்றார்கள். ஆளை விட்டால் போதும் என்று பத்து கொடுத்தார். அடுத்தடுத்த கடைகளிலும் அதே கதைதான்.

ஆக, வெள்ளைத்தாள் ஜெயித்தது. கனிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"வெள்ளைத்தாளை எப்படி அண்ணாச்சி அச்சடிக்கிறது?" என்றான் இருளப்பன்.

"மை ஊத்தாம ஓட்டணும்லே."

"எத்தனை கலரு?"

கனி மோவாயைத் தடவினார். "நாலும்தான். ஒண்ணு குறைஞ்சாலும் மிட்டாய்க்கடைக்காரரு கண்டுபிடிச்சிருவாரு."

நாலு கலருக்கும் மிஷின் ஓடியது. முதலாளி கல்யாணத்திலிருந்து திரும்பி வந்தபோது கட்டுக்கட்டாக வெள்ளைத்தாள். ஒன்றை எடுத்தார், முன்னும் பின்னும் புரட்டினார். கனி பதறிப்போய் ஓடிவந்து அதை வாங்கிப் பார்த்தார்.

"கோவிச்சுக்காதீங்க மொதலாளி, மச்சானையும் கூப்பிட வேண்டாம். இது ஒண்ணுதான் தலைகீழா விழுந்திருக்கு. வேற அடிச்சிருதேன்."